முப்பதாம் நாள் யார் கூட்டிட்டுப் போவது?

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஸ்டெப் ரெஸ்பான்ஸ் வரையச் சொன்னால் தூக்கத்தில்கூட வரைந்துவிடுவோம். கோடு ஏறும், செட் பாயிண்டைத் தாண்டும், கொஞ்சம் ஆடும், அடங்கும். மார்க் வந்தால் சரி, அடுத்த யூனிட். அதே மாதிரி ஒரு ஃபீட்பேக் லூப் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் ஓடுகிறது, அது தடுமாறினால் பார்வையே போய்விடும் என்று எந்த சிலபஸிலும் இல்லை. சிவில் பசங்க, மெக் பசங்க, "இது நமக்கு இல்ல"ன்னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க. கடைசியில் உங்களுக்கும் வேலை இருக்கு.

நான் சொல்ல வருவது இதுதான். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் ஒரு கண் நோயால் நம் நாட்டில் இன்னமும் பார்வை போகிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார். சரியான நாளில் குழந்தை அந்த மருத்துவர் முன்னால் இருப்பதில்லை. அவ்வளவுதான் பிரச்சினை. இதை மருத்துவப் பிரச்சினை என்று டாக்டர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. இது ஒரு ஷெட்யூலிங் பிரச்சினை. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நீளும் நம்ம தோல் பெல்ட்டில் அது கூலிப் பிரச்சினையும்கூட.

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கரு உண்டாகி மூன்று நான்கு வாரத்திலேயே கண்ணுக்கான மொட்டு வந்துவிடுகிறது. அது குழிந்து கிண்ணம் மாதிரி ஆகும். அந்தக் கிண்ணத்தின் அடியில் உள்ள ஒரு பிளவு வழியாக ஒரு ரத்தக் குழாய் உள்ளே நுழைந்து, வளரும் லென்ஸுக்குச் சாப்பாடு கொடுக்கும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவோமே, அந்த மாதிரி. கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி, பிறப்பதற்குள் இந்தக் குழாயும் கரைந்து போய்விடும். அது போனால்தான் ஒளி தடையில்லாமல் உள்ளே போக முடியும். கிண்ணத்துக்கு வெளியே இன்னொரு ரத்தக் குழாய் வலை தனியாகப் பின்னப்படும். அது விழித்திரைக்குப் பின்பக்கத்திலிருந்து ஊட்டும்.

விழித்திரைக்கே சொந்தமான ரத்தக் குழாய்கள் ரொம்பத் தாமதம். கர்ப்பத்தின் 14, 16 வாரம் வரை அங்கே ஒன்றுமே இருக்காது. அதன் பிறகு, பார்வை நரம்பு கண்ணுக்குள் வரும் இடத்திலிருந்து கிளம்பி, ஓரத்தை நோக்கி மெதுவாகப் பரவும். மூக்குப் பக்க ஓரத்தைத் தொட சுமார் 36 வாரம். காதுப் பக்க ஓரத்தைத் தொட சுமார் 40 வாரம். அதாவது பிரசவத் தேதி வரைக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தக் குழாய்களுக்கு யார் சொல்வது? இங்கேதான் நம்ம லூப் வருகிறது. விழித்திரைச் செல்கள் வளர வளர அதிக ஆக்சிஜன் கேட்கும். குழாய் இன்னும் வராத பகுதியில் ஆக்சிஜன் பற்றாக்குறை. அந்தச் செல்கள் உடனே வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை வெளியே விடும். "இங்க வாங்க"ன்னு கூப்பிடுகிற சிக்னல் அது. குழாய் அந்தப் பக்கம் வளரும், ஆக்சிஜன் வரும், சிக்னல் குறையும். அடுத்த பகுதி கூப்பிடும். சென்சார், கண்ட்ரோலர், ஆக்சுவேட்டர் எல்லாம் இருக்கிற அழகான நெகட்டிவ் ஃபீட்பேக். கருப்பைக்குள் ஆக்சிஜன் அளவு வெளியுலகத்தைவிட ரொம்பக் குறைவு. இந்த லூப் அந்தக் குறைந்த அளவுக்கு ட்யூன் செய்யப்பட்டது.

இப்போது 28 வாரத்தில் குழந்தை பிறந்துவிட்டது என்று வையுங்கள். குழாய்கள் பாதி வழியில் இருக்கின்றன. நுரையீரல் முதிரவில்லை, அதனால் ஆக்சிஜன் வைத்தே ஆக வேண்டும். திடீரென்று ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. சென்சார் "எல்லாம் போதும்" என்று தப்பாகப் படிக்கிறது. வி.இ.ஜி.எஃப். விழுகிறது. குழாய் வளர்ச்சி நின்றுபோகிறது, ஏற்கெனவே வந்த சில குழாய்கள் சுருங்கியும் போகின்றன. இது முதல் கட்டம்.

வாரங்கள் போகும். குழந்தை வளரும், விழித்திரையும் வளரும், ஆனால் ஓரப் பகுதியில் குழாயே இல்லை. அங்கிருக்கும் செல்கள் ஒரேயடியாகக் கத்த ஆரம்பிக்கும். வி.இ.ஜி.எஃப். எகிறும். ஓவர்ஷூட். நின்றுபோன எல்லையிலிருந்து குழாய்கள் கண்டபடி முளைத்து, விழித்திரையை விட்டுக் கண்ணின் உள்வெளிக்குள் ஏறும். பிறகு அவை தழும்பாகிச் சுருங்கி விழித்திரையை இழுக்கும். சுவரில் ஒட்டிய போஸ்டரை ஓரத்தைப் பிடித்து உரிக்கிற மாதிரி விழித்திரை பிரிந்து வந்துவிடும். இது இரண்டாம் கட்டம். நோயின் பெயர் ரெட்டினோபதி ஆஃப் ப்ரீமெச்சூரிட்டி, சுருக்கமாக ஆர்.ஓ.பி.

இரண்டு கட்டத்துக்கும் நடுவில் சில வார இடைவெளி இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அந்த நேரத்தில் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டால் போதும். நிறைய குழந்தைகளுக்கு லேசாக வந்து தானாகவே சரியாகிவிடும், சிகிச்சையே தேவைப்படாது. முற்றுகிற கண்களுக்கு லேசர் வைத்து, கூப்பாடு போடும் அந்த ஓரப் பகுதியை அமைதியாக்குவார்கள். இல்லையென்றால் வி.இ.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் ஊசி. ஆனால் சிகிச்சை தேவை என்று முடிவானால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். விழித்திரை பிரிந்த பிறகு பெரிய ஆபரேஷன் செய்தாலும் திரும்பக் கிடைக்கும் பார்வை ரொம்பக் குறைவு.

"அப்போ ஆக்சிஜனைக் குறைச்சிட்டா முடிஞ்சுதே"ன்னு தோணும். உலகம் அதைச் செய்து பார்த்துவிட்டது. 1942-ல் பாஸ்டனில் டெர்ரி என்ற மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் எழுதினார். அடுத்த பத்து வருடத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 10,000 குழந்தைகளுக்குக் கண் போனது. 1950-ல் குறைமாதத்தில் பிறந்து பார்வை இழந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அந்தத் தலைமுறை. 1951-ல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற மருத்துவர், இன்குபேட்டரில் தாராளமாக விடும் ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கலாம் என்றார். பெரிய ஆய்வில் அது உறுதியானதும் எல்லோரும் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். பார்வை இழப்பு குறைந்தது, சாவு கூடியது. 2010-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்விலும் அதே கதைதான். ஆக்சிஜன் செறிவை 85-89 சதவீதத்தில் வைத்த குழந்தைகளுக்கு 91-95-ல் வைத்தவர்களைவிடக் கண் நோய் குறைவு, இறப்பு அதிகம். ஆக, உயிருக்குத் தேவையான ஆக்சிஜனைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அளந்து கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு கண்ணைப் பார்க்க வேண்டும். மூன்றில் எதையும் விட முடியாது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கின்றன. முன்பெல்லாம் இவர்களில் பலர் பிழைக்கவே மாட்டார்கள், அதனால் இந்த நோயும் கண்ணில் படவில்லை. இப்போது சின்ன ஊர் நர்சிங் ஹோமிலும் கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. குழந்தை பிழைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து அளவாகக் கொடுக்கும் பிளெண்டர் இல்லாத இடத்தில் சிலிண்டரிலிருந்து சுத்த ஆக்சிஜன் நேராகப் போகும். அதனால்தான் மேலை நாடுகளில் ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் வரும் நோய், இங்கே ஒன்றரைக் கிலோ, ஒன்றே முக்கால் கிலோ குழந்தைக்கும் வருகிறது. பார்க்க நல்லா கொழுகொழுன்னு இருக்கும். யாருக்கும் சந்தேகமே வராது.

அதனால் நம் நாட்டின் விதி கொஞ்சம் அகலமானது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2000 கிராமுக்குக் கீழ் எடை இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, 1200 கிராமுக்குக் கீழான குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே. 34-லிருந்து 36 வாரத்துக்குள் பிறந்து தொற்று, நீண்டநாள் ஆக்சிஜன் என்று கஷ்டப்பட்ட குழந்தைக்கும் மருத்துவர் சொன்னால் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் முடியாது. ரத்தக் குழாய் ஓரம் வரை போய்ச் சேரும் வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1996 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். சுமார் 25 நாள் இன்குபேட்டரில் இருந்து வீட்டுக்குப் போனது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலரை மாதத்தில்தான் விஷயம் தெரிந்தது, அதற்குள் பார்வை போய்விட்டது. அந்தத் தந்தை வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார். 2015 ஜூலை 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பரிசோதனையைச் சொல்லாமல் விட்டது கவனக்குறைவுதான் என்று தீர்ப்பளித்து மொத்தம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு அப்போது 18 வயது முடிந்திருந்தது. அவர் இழந்ததை எந்தக் கோடியும் திருப்பித் தராது.

அதே 1996 ஆகஸ்டில், 28-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் கொடுத்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மேல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கு. "முன்னெச்சரிக்கைக் கொள்கை" நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில்தான் சொன்னார்கள். கெடுதல் நடந்து முடிந்த பிறகு கணக்குப் பார்க்காதே, வரும் என்று தெரிந்தால் முன்னாடியே தடு என்பது அதன் சாரம். இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரியில் படிக்கிற அந்த வரி நம்ம ஊர் ஆற்றால் வந்தது. நம்ம ஊர்க் குழந்தையின் கண்ணுக்கும் அதே கொள்கைதானே பொருந்த வேண்டும்?

"எல்லாம் இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். உண்மைதான். வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது. ஆரணி ரோட்டில் அதன் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஆர்.ஓ.பி.யும் பட்டியலில் இருக்கிறது. பிளாக் டயகிராமில் எல்லாப் பெட்டியும் இருக்கு பாஸ். பெட்டியையும் பெட்டியையும் இணைக்கும் கோடுதான் விட்டுப்போகிறது.

அந்தக் கோடு எங்கே அறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம் தொடங்கும்போதே பிரசவமாகிறது. குழந்தை மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில். வீட்டுக்கு அனுப்பும்போது அவர் கையில் ஒரு ஃபைல், நாலு மருந்துச் சீட்டு, பில். "கண் செக்கப்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஒருவேளை அதில் இருக்கும். அவர் நேராகப் போவது பேரணாம்பட்டிலோ குடியாத்தத்திலோ இருக்கும் அம்மா வீட்டுக்கு. முப்பது கழியாமல் பச்சைக் குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்பார்கள் ஒரு வீட்டில். நாற்பது முடியட்டும் என்பார்கள் இன்னொரு வீட்டில். அந்தப் பழக்கம் தொற்றிலிருந்து குழந்தையைக் காக்க வந்ததாக இருக்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டர் சொல்லும் கெடுவும் பாட்டி சொல்லும் கெடுவும் ஒன்றோடொன்று மோதுகிற இடம் சரியாக அந்த முப்பதாம் நாள்தான். பாட்டிக்குக் காரணம் சொன்னால் பாட்டியே முதல் ஆளாக வண்டி ஏறுவார். காரணத்தை யாரும் சொல்வதில்லை.

அப்புறம் காசு. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருக்கும் பெண்ணுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. குறைப்பிரசவத்தால் உடல்நலம் கெட்டால் கூடுதலாக ஒரு மாதமும் சட்டத்தில் இருக்கிறது. வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் அப்பர் தைக்கும் பெண்களுக்கு இதெல்லாம் கிடைப்பதில்லை. கூட வரும் கணவருக்கும் ஒரு நாள் கூலி போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் என்று நாலு தடவை போக வேண்டும் என்றால், இரண்டாவது தடவையிலேயே "குழந்தை நல்லாதானே சிரிக்குது"ன்னு நிறுத்திவிடுவார்கள். நாம் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

சரி, என்ன செய்யலாம்? என் பக்கத்திலிருந்து நாலு விஷயம்.

ஒன்று, தேதி. கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கும் எந்த நர்சிங் ஹோமும், கண் பரிசோதனைக்கான தேதியையும் இடத்தையும் எழுதாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும், பெரிய எழுத்தில், தனிச் சீட்டில். இதற்குச் செலவு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

இரண்டு, நினைவூட்டல். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி எண்ணோடு பதிவாகிறது. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே சிக்கல். பிறந்த தேதி, வாரம், எடை, கைபேசி எண் நாலும் கையில் இருந்தால் ஒரு இஃப் கண்டிஷன்தான். 34 வாரத்துக்குக் கீழ் அல்லது 2000 கிராமுக்குக் கீழ் என்றால் 15, 20, 25-ஆவது நாள் குரல் அழைப்பு போக வேண்டும். எஸ்.எம்.எஸ். போதாது, படிக்காமல் போய்விடும். முதல் வருடப் பையன் எழுதக்கூடிய கோட் இது. அரசு மருத்துவமனையில் பிறந்தாலும் தனியாரில் பிறந்தாலும் விடாமல் போக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மூன்று, குழந்தை கேமராவிடம் வருவதற்குப் பதில் கேமரா குழந்தையிடம் போகட்டும். கர்நாடகத்தில் 2008 முதல் கிட்ராப் என்ற திட்டத்தில் இதைச் செய்கிறார்கள். பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவை வண்டியில் எடுத்துக்கொண்டு சின்ன ஊர் மருத்துவமனைகளுக்குப் போய் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள், பெங்களூரில் இருக்கும் நிபுணர் படத்தைப் பார்த்துச் சொல்கிறார். நம்ம பக்கத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இப்படித் தொலைவிலிருந்து பரிசோதிக்கும் முறையை நடத்தியிருக்கிறது. வெளிநாட்டுக் கேமரா விலை மலைக்க வைத்தபோது, பெங்களூரின் ஃபோரஸ் ஹெல்த் நிறுவனம் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே விலை குறைந்த கேமரா ஒன்றை உருவாக்கியது. ஆப்டிக்ஸ், எம்பெடட், மெக்கானிக்கல் டிசைன், எல்லாம் நம்ம சப்ஜெக்ட். வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் ஒரே நெடுஞ்சாலையில் கோத்த மணி மாதிரி இருக்கின்றன. வாரம் ஒரு வண்டி போதும்.

நாலு, கம்பெனிகள். வெளிநாட்டு பிராண்டுகளுக்கு ஷூ செய்யும் நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் மரம் நடுகின்றன, பள்ளிக்கு பெஞ்ச் வாங்கித் தருகின்றன. நல்லது. அதோடு, கண் பரிசோதனை நாளுக்குத் தாய்க்கோ தந்தைக்கோ சம்பளத்தோடு விடுப்பும், பக்கத்து நர்சிங் ஹோமுக்கு ஒரு ஆக்சிஜன் பிளெண்டரும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் கொடுக்கலாம். வீட்டில் தைக்கும் பெண்களையும் கணக்கில் சேர்த்தால்தான் அது முழுமை.

நம்ம ஹேக்கத்தான் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழித்திரைப் படத்தைப் பார்த்து ஏ.ஐ. நோயைக் கண்டுபிடிக்கும் என்று வருடாவருடம் ஸ்லைடு போடுகிறோம். அந்த ஆராய்ச்சி உண்மையிலேயே நன்றாக முன்னேறியிருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படமே எடுக்கப்படாத குழந்தைக்கு எந்த மாடலும் உதவாது. நியோனேட்டல் வார்டில் ஒரு நாள் நின்று, எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டு, அதிலிருந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைத் தொடங்குங்கள். பிளெண்டரின் விலையைப் பாதியாக்கினால்கூட அது பேப்பர் போடுவதைவிடப் பெரிய வேலை.

இதெல்லாம் நடக்க நாளாகும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்க அக்காவுக்கோ, சித்திக்கோ, ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்யும் அக்காவின் மகளுக்கோ குறைமாசத்தில் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டால், வாழ்த்துச் சொன்ன கையோடு மூன்று கேள்வி கேளுங்க. எத்தனை வாரம்? எத்தனை கிலோ? கண் பார்க்க எந்தத் தேதி எழுதிக் கொடுத்தாங்க? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரலைன்னா பைக்கை எடுக்காதீங்க, ஆட்டோ பிடிங்க. பச்சைக் குழந்தையைக் கூட்டிட்டுப் போகணும்.